பிறை அடித்த இரண்டு காசு: ஜொகூரின் முதல் அஞ்சல் தலை

ஜொகூரின் முதல் அஞ்சல் தலையில் ஜொகூர் என்ற பெயரே கிடையாது. 1876-இல் வெளிவந்த அந்தத் தலையில் இருப்பது விக்டோரியா மகாராணியின் முகம். நீரிணைக் குடியேற்றங்களின் பழுப்பு நிற 2 காசுத் தலையை எடுத்து, அதன்மேல் பிறையையும் நட்சத்திரத்தையும் அச்சடித்தார்கள். அது ஜொகூருக்கு உரியது என்று காட்ட அந்தச் சின்னம் மட்டுமே இருந்தது.

வேறு நாட்டுத் தலையில் முத்திரை அடித்துச் சொந்தமாக்கும் பழக்கம் இங்கே அதற்கு முன்பே உண்டு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் கல்கத்தாவின் கீழ் இருந்த காலத்தில், 1854 முதல் இங்குள்ளவர்கள் ஒட்டியது இந்திய அஞ்சல் தலைகளைத்தான். நாகப்பட்டினத்தில் விற்ற அதே அணாத் தலைகள். அஞ்சல் முத்திரையில் 'பி 172' என்றிருந்தால் சிங்கப்பூர், 'பி 147' பினாங்கு, 'பி 109' மலாக்கா. இந்தியாவுக்குள் அப்போது தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம்: கால் தோலா, அதாவது 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான கடிதத்துக்கு அரை அணா. மெல்லிய தாள் ஒன்றுக்கு மேல் தாங்காது!

இங்கே வியாபாரம் வெள்ளியிலும் காசிலும் நடந்தது. அஞ்சலகத்திலோ அணாக் கணக்கு. 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்த மூன்று ஊர்களும் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தன. அந்தச் செப்டம்பரில் இந்தியத் தலைகளின்மேல் கிரீடமும் காசு மதிப்பும் ஏறின. அரை அணா ஒன்றரைக் காசானது. 2 அணாத் தலை ஒன்றே 6, 8, 32 காசு என மூன்று விலைக்கு வந்தது.

ஜொகூரின் நிலை வேறு. அது குடியேற்றம் அல்ல. மகாராஜா அபு பாக்கார் ஆண்ட தனி அரசு. 1884 முதல் நீரிணைத் தலைகளின்மேல் ஜொகூர் பெயரை அச்சடித்தார்கள். அதிலும் ரோமன் எழுத்தில் கடைசி 'ஈ' சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. 1885-இல் அவர் சுல்தானாக அங்கீகரிக்கப்பட்டார். 1891-இல் அவருடைய முகம் பதித்த தலைகள் 1 காசிலிருந்து 1 வெள்ளி வரை வெளிவந்தன. அதே காலத்தில் பேராக், சிலாங்கூர் தலைகளில் பாய்ந்தது புலி. அங்கே ஆட்சியாளரின் முகம் இல்லை. அந்த வேறுபாட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அபு பாக்கார் 1895-இல் லண்டனில் காலமானார். மறு ஆண்டு சுல்தான் இப்ராகிம் முடிசூட்டுக்காக அதே தலைகளில் 'கெமக்கோத்தான்' என்ற மலாய்ச் சொல்லை அடித்தார்கள். சிலவற்றில் 'ம' இருக்க வேண்டிய இடத்தில் 'த' விழுந்துவிட்டது. சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பிழையைத்தான்.

வீட்டில் தாத்தா காலத்துக் கடிதம் இருந்தால் தலையை வெட்டி எடுக்க வேண்டாம். உறை, முத்திரை, முகவரி எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது எங்கிருந்து எப்போது போனது என்று தெரியும். பிறை அடித்த தலை என்று யாராவது விற்க வந்தால், நிபுணரிடம் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டாம். மேலச்சுப் போலிகள் நிறைய உண்டு.