நாய் குமட்டுகிறது, ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லையா? காலைவரை காத்திருக்க வேண்டாம்

'மார்லி அண்ட் மீ' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். சேட்டைக்கார லேப்ரடோர் மார்லிக்கு வயதான பிறகு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். ஒருமுறை பிழைத்துவிடும். மறுமுறை முடியாது.

அது படத்துக்காக யாரோ கற்பனை செய்த நோய் இல்லை. 'புளோட்' என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் இந்த வயிற்று வீக்கம், விலங்கு மருத்துவர்கள் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாத அவசரநிலைகளில் ஒன்று. "காத்து சேர்ந்திருக்கும், தானா சரியாகிடும்" என்று நாம் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

உள்ளே என்ன நடக்கிறது?

இரைப்பையில் காற்று நிரம்பி பலூன் மாதிரி உப்புகிறது. சில நாய்களுக்கு அதோடு நிற்காது, இரைப்பை அப்படியே சுழன்றுவிடும். மிட்டாய்த் தாளை இரண்டு முனையிலும் முறுக்குவோமே, அந்த மாதிரி. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி இரண்டும் அடைபடும். நாயால் ஏப்பம்கூட விட முடியாது.

உப்பிய இரைப்பை, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ரத்த அழுத்தம் சரியும். ரத்தம் கிடைக்காமல் இரைப்பையின் சுவர் சாகத் தொடங்கும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

திரும்பத் திரும்பக் குமட்டும், ஆனால் ஒன்றும் வராது. கொஞ்சம் எச்சிலோ நுரையோ வரலாம். இந்த ஒரு அறிகுறியை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, நாய் ஓரிடத்தில் படுக்காமல் அங்கும் இங்கும் நடக்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், எச்சில் வடிக்கும். வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருக்கும். ஆனால் மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை விலா எலும்புக்குள் மறைந்திருப்பதால் வீக்கம் வெளியே தெரியாமலும் போகலாம். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, நாய் சுருண்டு விழுந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மனிதர்கள் சாப்பிடும் வாயு மாத்திரை கொடுக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். 24 மணி நேர விலங்கு மருந்தகத்துக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டால் அவர்கள் தயாராக இருப்பார்கள். முதலில் காற்றை வெளியேற்றுவார்கள், சொட்டு மருந்து ஏற்றுவார்கள். முறுக்கியிருந்தால் அறுவைச் சிகிச்சை கட்டாயம்.

எந்த நாய்களுக்கு வரும்?

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மேன், ஸ்டாண்டர்ட் பூடில் போன்ற பெரிய நாய்களுக்குத்தான் அதிகம். வயது கூடக்கூட ஆபத்தும் கூடும். பெற்றோருக்கோ கூடப்பிறந்ததற்கோ வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பெரும்பாலும் சிறிய வகை நாய்களையே வளர்க்க முடியும் என்பதால் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். ஆனால் டாக்ஸ்ஹண்ட் மாதிரி சின்ன நாய்களுக்கும் எப்போதாவது வருகிறது.

தடுக்க முடியுமா?

வேலை முடிந்து வந்து, ஒருநாள் சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவசர அவசரமாக விழுங்கும் நாய்க்கு, உள்ளே மேடு பள்ளம் வைத்த தட்டு உதவும். சாப்பிட்டதும் ஓடவிடாமல் ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுப்பது நல்லது.

தட்டை உயரத்தில் வைத்தால் நல்லது என்று ஒருகாலத்தில் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில், அப்படிச் சாப்பிட்ட பெரிய நாய்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. மருத்துவர் வேறு காரணத்துக்காகச் சொல்லாதவரை தட்டு தரையிலேயே இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் குடித்தால் வயிறு முறுக்கும் என்று சமூக ஊடகத்தில் சுற்றும் தகவலுக்கு ஆதாரம் இல்லை. நம் ஊர் வெயிலில் நாய்க்குத் தண்ணீரை மறைத்து வைக்காதீர்கள்!

இவை எல்லாம் ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். முறுக்குவதைத் தடுப்பதில் அதிகம் கைகொடுப்பது, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் அறுவைச் சிகிச்சை. பிறகும் காற்று சேரலாம், ஆனால் இரைப்பை சுழல்வது மிக அரிது. பெரிய வகை நாய்க்குட்டி வைத்திருப்பவர்கள், கருத்தடைச் சிகிச்சைக்குப் போகும்போதே இதையும் சேர்த்துச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.