பதிவு மேசையில் தடுக்கப்பட்ட வாக்கு

1896இல் லூசியானா மாநில வாக்காளர் பட்டியலில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர். இடைப்பட்ட எட்டாண்டுகளில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தத்தை யாரும் நீக்கவில்லை. இனத்தையோ நிறத்தையோ முன்னாளில் அடிமையாக இருந்ததையோ காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இல் நாடு ஏற்றுக்கொண்ட வாசகம் அப்படியேதான் இருந்தது.

அப்படியானால் பட்டியல் எப்படிக் கரைந்தது? திருத்தங்களையும் தீர்ப்புகளையும் மட்டும் அடுக்கிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றக் கட்டடத்தில் வாக்காளரின் பெயரைப் பதிவு செய்யும் அலுவலரின் மேசைக்குப் போக வேண்டும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்களில் நிறுத்தப்பட்டிருந்த கூட்டாட்சிப் படைகள் 1877இல் விலகிக்கொண்டன. தேர்தல் விதிகளை வகுப்பது பெரும்பாலும் மாநிலங்களின் கையில். 1890இல் மிசிசிப்பி தனக்குப் புதிய அரசமைப்பு எழுதிக்கொண்டது. வாக்களிக்க இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும். அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்கவோ, பிறர் படிக்கக் கேட்டு விளக்கவோ தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பிரிவு, விளக்கம் சரிதானா என்பதெல்லாம் பதிவு அலுவலரின் விருப்பம். நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால் 1898இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. அதே ஆண்டு லூசியானா இன்னும் துணிந்தது. 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவரின் மகனுக்கும் பேரனுக்கும் படிப்பு, சொத்துத் தகுதிகள் தேவையில்லை என்றது. அந்தத் தேதியில் அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்கே கிடையாது.

பாட்டன் பெயரைச் சொல்லி அளித்த இத்தகைய விலக்கை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. எழுத்தறிவுத் தேர்வு மட்டும் அரை நூற்றாண்டு தாண்டியும் நின்றது.

அது எப்படி நடந்தது என்பதற்கு ஃபேனி லூ ஹேமர் சாட்சி. விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தின் இருபதாவது பிள்ளை அவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று, வாக்காளராகப் பதிய, அவர் உட்படப் பதினெட்டுப் பேர் ஒரு பேருந்தில் 26 மைல் கடந்து மிசிசிப்பியின் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஹேமருக்குக் கொடுத்த பிரிவு, சட்டத்தில் இல்லாமலே நடைமுறையில் செல்லுபடியாகும் விதிகளைப் பற்றியது என்று பின்னர் அவரே சொன்னார். அவரால் விளக்க முடியவில்லை. திரும்பும் வழியில், பேருந்தின் நிறம் தவறு என்று சொல்லி ஓட்டுநரைக் காவல்துறை பிடித்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி பண்ணையார் கேட்டார். மறுத்த ஹேமர், பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேறினார். அடுத்த ஜனவரியில் தேர்வில் வென்றார். வாக்களிக்கப் போனபோது, தலைவரி கட்டியதற்கு இரண்டு ரசீதுகள் எங்கே என்று கேட்டார்கள். இத்தனை பூட்டுகளையும் அறியாமை என்றோ அலட்சியம் என்றோ கடந்துபோக முடியாது. ஒவ்வொன்றும் கணக்குப் போட்டுச் செய்தது.

1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினார்கள். முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் வலிமை அதன் 5ஆவது பிரிவில் இருந்தது. அதுவரை, பாதிக்கப்பட்டவர் வழக்காடி வெல்வதற்குள் மாநிலம் வேறொரு விதியைக் கொண்டுவந்துவிடும். இனி, பாகுபாட்டில் ஊறிய பகுதிகள் எந்தத் தேர்தல் விதியை மாற்றினாலும் வாஷிங்டனின் முன் அனுமதி வேண்டும். விதி தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவற்றுடையதே. எழுத்தறிவுத் தேர்வு அங்கெல்லாம் நிறுத்தப்பட்டது. உள்ளூர் அலுவலர் மறுத்தால் பெயரைப் பதியக் கூட்டாட்சி அலுவலர்கள் வந்தார்கள். மிசிசிப்பியில் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் 59.8 விழுக்காடானது. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் ஏட்டில் கிடந்த உரிமை இரண்டே ஆண்டுகளில் கைக்கு வந்தது.

2013இல் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், முன் அனுமதி எந்தப் பகுதிகளுக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியானது என 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5ஆவது பிரிவை அது நீக்கவில்லை. ஆனால் அதைப் பொருத்திப் பார்க்கப் பகுதி எதுவும் இல்லாமல் போயிற்று. முன் அனுமதி கிடைக்காமல் முடங்கியிருந்த புகைப்பட அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதாக டெக்சாஸ் அன்றே அறிவித்தது. புதிய சூத்திரத்துடன், ஜான் லூயிஸின் பெயர் தாங்கிய மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2021 ஆகஸ்டில் நிறைவேற்றியது. செனட்டில் அது முடங்கிவிட்டது.