இரு தலைவர்கள் கைகுலுக்கினார்கள்

அமெரிக்காவின் சிகாகோ மாநகரில் கத்தோலிக்கத் துறவிகள் 1870இல் நிறுவிய தனியார் கல்விக்கூடம் லயோலா பல்கலைக் கழகம். அதன் கூடைப்பந்துக் குழு ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றியே நாம் இன்று பேச வந்தோம்.

1963இல் அக்குழுவில் முதலில் களமிறங்கும் ஐவரில் நால்வர் கறுப்பின மாணவர்கள். அன்றைய அமெரிக்காவில் அது துணிச்சலான செயல். தேசியப் போட்டியில் அவர்களை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது, தெற்கே வெள்ளையர் மட்டுமே ஆடிய மிசிசிப்பி மாநிலப் பல்கலைக் கழகக் குழு. கறுப்பினத்தார் உள்ள குழுவோடு ஆடுவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால், முன்பு மூன்று முறை தகுதி பெற்றும் அவர்கள் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. இம்முறை பல்கலைக் கழகத் தலைவர் போகச் சொன்னார். அரசியல்வாதிகள் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். ஆணை கைக்கு வருமுன்பே பயிற்சியாளர் இரவோடிரவாக மாநில எல்லையைக் கடந்தார். மறுநாள் மாணவர்கள் விமானம் ஏறினார்கள். பந்து விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு இத்தனை ஒளிவுமறைவு!

மார்ச் 15ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தில் ஆட்டம். லயோலாவின் தலைவர் ஜெரி ஹார்க்னசும் மிசிசிப்பியின் தலைவர் ஜோ டான் கோல்டும் நடுக்களத்தில் கைகுலுக்கினார்கள். படமெடுப்போரின் விளக்குகள் பளிச்சிட்டன. லயோலா 61–51 என வென்றது. பின்னர் அவ்வாண்டின் தேசிய வாகையும் சூடியது.

2011இல் கோல்டு காலமானபோது ஹார்க்னஸ் இறுதிச் சடங்குக்குச் சென்றார். பெட்டியின் அருகே அந்தக் கைகுலுக்கல் படம் வைக்கப்பட்டிருந்தது.