சில்லுக்கும் முதுகெலும்புக்கும் இடையில்: வன்னி வீதிகளுக்கு ஏற்ற சஸ்பென்சனைத் தெரிவு செய்வது எப்படி?

என் சித்தப்பாவின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் 2009இல் பாய்ந்த எறிகணைத் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. அதை எடுப்பதைவிட விடுவதே பாதுகாப்பு என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருமுறை புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அவரைக் கூட்டிச் செல்ல வேண்டும். ஏ9இல் ஏறிவிட்டால் பிரச்சினையில்லை. வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு வரும் கிரவல் பாதைதான் அவரை வதைக்கும். வாடகை வான் ஒன்றில் போன நாளில், "தம்பி, நிப்பாட்டு, நான் மெல்ல மெல்ல நடந்தே வாறன்" என்று இறங்கியவர் அவர்.

அதனால்தான் பாவித்த அல்டோ கார் ஒன்றை வாங்கினோம். வாங்கியதும் நான் ஒரு பிழை விட்டேன். "நல்ல சஸ்பென்சன்" என்றால் விலை கூடிய, இறுக்கமான ஸ்பிரிங் என்று நினைத்து, காரைச் சற்றுப் பதிக்கும் ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் போடச் செய்தேன். ஏ9 வளைவுகளில் கார் ஒட்டிக்கொண்டு ஓடியது. கிரவல் பாதையிலோ சித்தப்பாவால் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. அந்தப் பிழையைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். எங்கள் பகுதியில் உடம்பில் துண்டுகளோடும், செயற்கைக் காலோடும், சக்கர நாற்காலியோடும் பயணிப்பவர்கள் இல்லாத ஊர் குறைவு. அவர்களுக்குச் சஸ்பென்சன் என்பது அழகு பார்க்கும் விடயம் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்து விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே கையில் இருக்கும் பழைய வாகனத்தைத்தான் இன்னும் பல வருடங்கள் ஓட்டப் போகிறோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் ஓட்டிய சமூகத்துக்கு இது புதிதும் அல்ல.

எது என்ன வேலை செய்கிறது?

வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங், பட்டா வாகனத்திலும் வானின் பின்பக்கத்திலும் வில்லுத் தகடு. பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் தன்பாட்டில் விட்டால் பலமுறை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது சொக் அப்சோர்பர். உள்ளே இருக்கும் ஒயிலைச் சிறு துளைகளூடாகத் தள்ளி, ஆடும் சக்தியைச் சூடாக மாற்றிவிடும். சொக் பாரத்தைத் தாங்குவதில்லை. பலர் குழம்பும் இடம் இது. பின்பக்கம் பதிந்து நிற்கும் வாகனத்துக்கு சொக் மாற்றினாலும் அது உயராது, ஏனெனில் களைத்துப்போனது ஸ்பிரிங்.

மூன்றாவது, இரும்பும் இரும்பும் சந்திக்கும் இடங்களில் உள்ள ரப்பர் புஷ்கள். சிறு அதிர்வை உறிஞ்சுபவை இவையே. நான்காவது, இரண்டு பக்கச் சில்லுகளையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார். வளைவில் வாகனம் ஒருபக்கம் சாய்வதைக் குறைப்பது அது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ரயர். பள்ளத்தை முதலில் சந்திக்கும் ஸ்பிரிங் அதற்குள் இருக்கும் காற்றுத்தான்.

வளைவில் உறுதி வேண்டும் என்று ஸ்பிரிங்கை இறுக்கினால் பள்ளத்தில் குலுக்கல் கூடும். மென்மை வேண்டும் என்று மிகவும் தளர்த்தினால் ஏ9இல் 70இல் போகும்போது குறுக்கே வரும் மாட்டுக்கு ஒதுக்கும் கணத்தில் வாகனம் அலையும். இரண்டையும் ஒரேயடியாகக் கூட்ட முடியாது. உங்கள் வீதிக்கும், உங்கள் வாகனத்தில் ஏறுபவர்களுக்கும் எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வாங்குவதற்கு முன் சோதியுங்கள்

நான் பிறகு போன கராஜில் இருந்த அண்ணை முதலில் கேட்ட கேள்வி, "தம்பி, காத்து எத்தினை இறாத்தல் அடிச்சிருக்கிறியள்?" என்பதுதான். சாரதி பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட எட்டு இறாத்தல் கூடுதலாக இருந்தது. "கூட அடிச்சால் பெற்றோல் மிச்சம்" என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். அளவைச் சரிசெய்ததுமே குலுக்கலில் ஒரு பங்கு குறைந்தது. செலவு எதுவும் இல்லை.

அடுத்து, வாகனத்தின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. மூன்று நான்கு முறை ஆடினால் சொக் முடிந்துவிட்டது. ஆடாவிட்டாலும் சொக் நன்றாக இருக்கிறது என்று உறுதி சொல்ல முடியாது. சொக்கின் உடலில் ஒயில் கசிந்து புழுதி படிந்திருக்கிறதா, ரயரின் ஓரம் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிரவலில் "டொக் டொக்" என்று கேட்டால் பெரும்பாலும் புஷ், ஸ்டெபிலைசர் இணைப்பு, போல் ஜொயின்ட் ஆகியவற்றில் ஒன்று. போல் ஜொயின்ட் ஆட்டம் கண்டிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அது கழன்றால் சில்லு மடங்கிவிடும்.

தேய்ந்த சொக் வசதியை மட்டும் கெடுப்பதில்லை. சில்லு துள்ளும்போது வீதியைப் பிடிக்காது. பிடிக்காத சில்லுக்குப் பிரேக் போட்டும் பயனில்லை. நிறுத்தும் தூரம் கூடும்.

எந்த வாகனத்துக்கு எது?

அல்டோ, வகன் ஆர் போன்ற சிறு கார்களில் முன்னால் ஸ்பிரிங்கும் சொக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட், பின்னால் சுருள் ஸ்பிரிங். இவற்றுக்குக் கம்பனி அளவு ஸ்பிரிங்கோடு காஸ் நிரப்பிய சொக் போடுவதே எங்கள் வீதிகளுக்குப் பொருத்தம். அலைபோல வரிவரியாகக் கிடக்கும் கிரவல் பாதையில் நீண்ட நேரம் ஓடும்போது சாதாரண சொக்கின் ஒயில் நுரைத்துப் பலம் இழக்கும். உள்ளே அடைத்த நைட்ரஜன் அந்த நுரைப்பைக் குறைக்கிறது. முன்னால் மாற்றும்போது ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டையும் பாருங்கள். இல்லாவிட்டால் அதே வேலைக்கு இரண்டாம் தடவை கூலி கொடுப்பீர்கள்.

பழைய ஹையேஸ் வான்களில் முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் வில்லுத் தகடு. முறுக்குக் கம்பியின் போல்ட்டை இறுக்கி முன்பக்கத்தை உயர்த்துவது இங்கே வழக்கம். உயரம் கூடும், ஆனால் சில்லு கீழே இறங்க இடம் குறையும். பள்ளத்தில் சில்லு தொங்கி "டக்" என்று அடிக்கும். பின்னால் பாரம் ஏற்றுவதற்காக மேலதிகத் தகடு போட்ட வானில் ஆட்களை ஏற்றினால் கல்லில் இருப்பதுபோல்தான் இருக்கும். நெல் மூட்டைக்கும் நோயாளிக்கும் ஒரே வானைப் பாவிப்பவர்கள், எது அதிக நாட்கள் என்று கணக்குப் பார்த்து அந்தத் தகட்டை வைப்பதா கழற்றுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

பட்டா, பாரத்துக்காகச் செய்த வாகனம். வெறுமையாக ஓடும்போது துள்ளுவது அதன் இயல்பு. ஓட்டோவிலும் ஸ்பிரிங்கை இறுக்குவதைவிட, காற்றளவையும் சொக்கையும் புஷ்ஷையும் சரியாக வைப்பதே பலன் தரும்.

தவிர்க்க வேண்டியவை

சுருள் ஸ்பிரிங்குகளுக்கு இடையில் செருகும் ரப்பர் குட்டி: உயர்வதுபோல் தெரியும், ஆனால் ஸ்பிரிங்கின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போய் மற்றப் பகுதி பாரம் சுமக்கும்.

பெரிய அலோய் ரிம்மும் மெல்லிய ரயரும்: ரயரின் பக்கச் சுவர் குறைந்தால் காற்றுத் தலையணையும் குறையும். ஒரு பள்ளத்தில் ரிம்மே வளையலாம்.

தடித்த ஸ்டெபிலைசர் பார்: வளைவில் உதவும். ஆனால் ஒருபக்கச் சில்லு பள்ளத்தில் விழுந்தால் அதிர்வை மற்றப் பக்கத்துக்கும் கடத்தி, இருப்பவரின் தலையை இடமும் வலமும் வீசும். முதுகும் கழுத்தும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது மிகவும் மோசம்.

மிகையாக உயர்த்துவதும் பதிப்பதும்: இரண்டும் வாகனத்தின் சமநிலையைக் கெடுக்கும். போக்குவரத்துப் பொலிசாரின் கேள்விக்கும் இடம் கொடுக்கும். 2025 தொடக்கத்தில் அனுமதியற்ற மாற்றங்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

சொக்கை எப்போதும் சோடியாக மாற்றுங்கள், ஒருபக்கம் மட்டும் வேண்டாம். பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த ஜப்பான் சாமான்களில் இரும்புக் கைகளை வாங்கலாம். சொக், புஷ், போல் ஜொயின்ட் ஆகியவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது. பாவித்த சொக்கின் மிச்ச ஆயுளை வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. செசி இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள், பற்றுச்சீட்டும் எடுங்கள்.

புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வாகனத்தின் பாரம் சில்லில் இருக்க வேண்டும். ஜக்கில் தூக்கி வைத்தபடியே இறுக்கினால், இறக்கும்போது ரப்பர் முறுகி நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். இதைப் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்விக்கத் தயங்க வேண்டாம். முடிந்ததும் எலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

நோயாளியை எங்கே இருத்துவது?

முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே உள்ள இருக்கையில்தான் குலுக்கல் குறைவு. வானில் பின்சில்லுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் உள்ள இருக்கைகள் மிக மோசம். ஏறுவதற்கு வசதி என்று நோயாளியைப் பின்வரிசையில் இருத்துகிறோம். அது பிழை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு உணர்வு இழந்தவர்களுக்கு அதிர்வும் உரசலும் வலியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு புண்ணாகத்தான் தெரியும். அவர்கள் சக்கர நாற்காலியில் பாவிக்கும் மெத்தையையே வாகனத்திலும் போடலாமா என்று சிகிச்சை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் காரில் இப்போது பழையபடி கம்பனி அளவு ஸ்பிரிங், புதிய காஸ் சொக், புதிய புஷ், சரியான காற்று. ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங்கை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன். வளைவில் கார் முன்னைவிடச் சற்றுச் சாய்கிறது. மெதுவாக எடுக்கிறேன். ஏ35 காப்பெற் வீதியாக இருக்கலாம், ஆனால் வீட்டுக்கு முன்னால் உள்ள பாதை மாரிக்கு மாரி குழியாகிறது. அதைத் திருத்துவது பிரதேச சபையின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும்.

போன கிளினிக் நாளில் கிரவல் பாதை முடிந்து பிரதான வீதியில் ஏறியதும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "என்ன பாக்கிறாய், றோட்டைப் பார்த்து ஓடு" என்றார். இறங்கி நடக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.