பேயியல் உசாத்துணை நூல்கள் (இலங்கை)

பேய், சூனியம், மரபு வழிபாட்டுக்குப் புறம்பான நம்பிக்கைகள் ஆகியவற்றை வகைப்படுத்தித் தரும் நூல்கள். இலங்கையில் இத்துறைக்கு அடித்தளம் இட்டது தந்திரிஸ் த சில்வா குணரத்தினவின் நீண்ட ஆய்வுக்கட்டுரை. ரோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில் 1860களின் நடுவில் வெளிவந்தது. படித்த சிங்களவர் ஒருவர் தம் நாட்டு யக்குகளை (பேய்களை) இனம்பிரித்து, ஒவ்வொன்றின் தோற்றம், அது தரும் நோய், அதற்குரிய சாந்தி என்று விரிக்கிறார். மூடநம்பிக்கை என்ற ஏளனம் இடையிடையே தலைகாட்டினாலும் விவரச் செறிவு வியக்கவைப்பது. அதில் வரும் இரத்த வெறிகொண்ட ரீரி யக்காவை ஐரோப்பிய இரத்தக் காட்டேரியோடு ஒப்பிடலாம். ஆயினும் அது கல்லறையிலிருந்து எழும் பிணமன்று, ஆட்டத்தாலும் காணிக்கையாலும் தணியும் நோய்த் தெய்வம். மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபரரின் பேயோட்டுச் சடங்கு ஆய்வு 1983இல் வந்தது. இவை பெரும்பாலும் சிங்களத் தெற்கைப் பற்றியவை.

யாழ்ப்பாணத்தில் 1902இல் வெளியான ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ தமிழின் முன்னோடிக் கலைக்களஞ்சியம். அதன் நாட்டமோ புராண, இலக்கியப் பெயர்களில். முனி, கொத்தி போன்ற ஆவிகள், கழிப்புக் கழித்தல், நூல் கட்டுதல் போன்ற சடங்குகள் பற்றிய அறிவு புங்குடுதீவு மடத்துவெளி போன்ற தீவக ஊர்களில் முதியோர் வாய்மொழியில்தான் பெரிதும் தங்கியது.

உலக அளவில் லூயிஸ் ஸ்பென்சின் மறைபொருட் கலைக்களஞ்சியம் (1920) முன்னோடி. மெதடிஸ்த போதகரான ஜே. கோர்டன் மெல்டன் அமெரிக்கச் சமயங்களுக்கு 1978இலும் இரத்தக் காட்டேரிகளுக்கு 1994இலும் கலைக்களஞ்சியங்கள் தொகுத்தார்.