விழுந்த கையும் மீதிப் பொழுதும்: பக்கவாதத்துக்குப் பின் மூளை எதைக் கற்கிறது?

பக்கவாதத்தில் வலக்கை விழுந்தவருக்கு வீட்டில் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே இக்கட்டுரையின் கேள்வி விளங்கிவிடும். மனைவி சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். ஊட்ட ஆள் இல்லாத வேளையில் இடக்கையில் ஸ்பூன். வலக்கை மடியில் கிடக்கிறது. காலையில்தான் பிசியோதெரபிஸ்ட் வந்து அரைமணி நேரம் அதே கைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்த அரைமணியில் மூளை ஒன்றைக் கற்கிறது. மீதிப் பொழுது முழுவதும் அதற்கு நேர்மாறானதைக் கற்கிறது. மீட்சி பெரிதும் அந்த மீதிப் பொழுதில்தான் நிர்ணயமாகிறது என்பது என் வாதம்.

வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் இனி மாறாதவை என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய நரம்பியலாளர் ரமோன் இ கஹால் எழுதினார். அந்த முடிவு தளர நெடுங்காலம் பிடித்தது. இன்றோ 'மூளைக்கு நெகிழ்திறன் உண்டு' என்பது நோயாளிக்குச் சொல்லும் ஆறுதலாகிவிட்டது. நெகிழ்திறனைக் குணமாக்கும் சக்தியாகக் கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. பழகுவதைப் பற்றிக்கொள்வதும் பழகாததைக் கைவிடுவதும் அதன் இயல்பு. நமக்கு நல்லது எது என்று அதற்குத் தெரியாது.

உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் கண்டது இதற்குச் சான்று. ஒரு முன்கையின் உணர்வு நரம்பு வேர்களை மட்டும் துண்டித்தார். இயக்க நரம்புகள் கெடவில்லை. இருந்தும் குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டியதும் தொங்கிய கை வேலைக்கு வந்தது! ஆரம்ப நாட்களில் அந்தக் கையால் முயன்று தோற்றதும், மற்ற கையால் காரியம் முடிந்ததும் சேர்ந்து புகட்டிய பாடம் அது. 'பழகிப்போன பயன்படுத்தாமை' என்று அதைச் சொல்லலாம். பின்னர் 1996இல் ராண்டால்ஃப் நூடோவின் குழு, அணில்குரங்குகளின் மூளையில் அசைவை ஆளும் இயக்கப் புறணியில் கைக்குரிய பகுதியில் சிறு சேதம் உண்டாக்கி ஆராய்ந்தது. பயிற்சி பெறாதவற்றில், சேதத்தைச் சுற்றித் தப்பியிருந்த கைப்பகுதியும் சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து தீனியை விரலால் எடுக்கப் பழக்கப்பட்டவற்றில் அது நிலைத்தது; சிலவற்றில் முழங்கை, தோள்பட்டைக்குரிய இடத்துக்கும் பரவியது. சுருங்கியதும் பரவியதும் ஒரே நெகிழ்திறனின் வேலை.

நல்ல கையைக் கட்டுப்படுத்தி நலிந்த கையைப் பழக்கும் டாபின் சிகிச்சையை மனிதரிடம் சோதித்த 'எக்சைட்' ஆய்வு 2006இல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர். சிகிச்சைக் குழுவினர் 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை மாட்டியிருக்க வேண்டும் என்பது இலக்கு. அவர்கள் வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள்; ஓராண்டு கழித்தும் அது நிலைத்தது. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைபவர்களே இதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. அசைவே இல்லாத கையைப் பார்த்து 'முயற்சி போதவில்லை' என்பது கொடுமை. நெகிழ்திறன் என்ற சொல் அப்படியும் ஆயுதமாவதைக் கண்டு வருந்துகிறேன்.

பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதாதா? கேத்தரின் லாங்கும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட கணக்கில், கைக்கான பயிற்சி அமர்வு ஒன்றில் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32தான். விலங்காய்வுகளில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால் அதே லாங் குழு 2016இல், பக்கவாதம் வந்து 6 மாதம் கடந்த 85 பேரிடம் மொத்த அசைவுகளை 3200, 6400, 9600 என்று கூட்டிப் பார்த்தபோது அதற்கேற்ற கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் மணிக்கட்டில் கட்டிய உணர்கருவிகள் காட்டியது இன்னும் முக்கியம்: பயிற்சி அறையில் கையின் திறன் கூடியது, வீட்டில் கையின் புழக்கம் கூடவில்லை. திறன் வேறு, புழக்கம் வேறு. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தேவையில்லை.

குரங்குகளில் கண்டதுபோல் புறணியின் ஒரு பகுதி இன்னொன்றின் இடத்தில் குடியேறுகிறது என்ற சித்திரத்தையே டமார் மேக்கினும் ஜான் கிராக்கௌரும் 2023இல் மறுத்தார்கள். ஏற்கெனவே உள்ள இணைப்புகள் வலுப்பெறுவதே நடக்கிறது என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். அப்போதும் எதை வலுவாக்குவது என்பதை அன்றாடப் புழக்கமே முடிவுசெய்யும்.

டாப் வகுத்த சிகிச்சையில் உறைக்குக் கிடைத்த பெயர் அதன் இன்னொரு பகுதிக்குக் கிடைக்கவில்லை. எந்தெந்த வேலையை நலிந்த கையால் செய்வேன் என்று நோயாளி எழுதிக் கையெழுத்திடுகிறார், செய்ததைக் குறித்துவைக்கிறார், சிகிச்சையாளர் அதை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இப்பகுதியும் சேர்ந்தபோதே மூளையின் சாம்பல்நிறப் பொருள் குறிப்பிடத்தக்க அளவு கூடியது.

குடும்பம் பொறுப்பேற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதல்ல. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வில், குடும்பத்தினரே மறுவாழ்வுப் பயிற்சி அளித்தும் 6 மாத முடிவில் மரணமோ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை. அன்பு மட்டும் போதாது. எந்த வேலை, எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று வரையறுத்துச் சொல்ல வேண்டும். சோறு பிசைய முடியாத கை தட்டைப் பிடித்துக்கொள்ளலாம், டம்ளரை அணைத்துக்கொள்ளலாம். ஊட்ட வரும் கை அதுவரை பொறுத்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை வேளைகளுக்குக் கீழே இதற்கும் நான்கு வரி இடம் விடலாம்.