ஓம் கண்ட விதி

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். மாணவர்கள் இக்கணக்கை ஒரு நிமிடத்தில் செய்து முடிப்பர். ஆனால், இத்தனை எளிய வகுத்தலை உலகுக்கு அளிப்பதற்கு ஒரு பள்ளி ஆசிரியர் பட்ட பாடு சிறிதன்று. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாமே முயன்று கற்று, தம் மக்களுக்கும் கணிதம் கற்பித்தவர். 1817-இல் ஓம் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக அமர்ந்தார். அப்பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேதான் அவருடைய சோதனைகள் தொடங்கின.

கம்பியின் நீளம் கூடக் கூட அதில் ஓடும் மின்சாரம் குறைகிறது. எந்தக் கணக்கில் குறைகிறது? இதுவே அவர் எடுத்துக்கொண்ட வினா. முதலில் வோல்ட்டா வகுத்த முறையில் அமைந்த மின்கலத்தைக் கொண்டு சோதித்தார். அதன் விசையோ, மின்சாரம் எடுக்க எடுக்கத் தளர்ந்துகொண்டே போகும். அளக்கும்போதே படிக்கல் தேயுமானால் நிறை எவ்வாறு சரியாகும்? 1825-இல் அவர் வெளியிட்ட சூத்திரம் பிழைபட்டது.

விஞ்ஞான இதழாசிரியரான பொக்கெண்டார்ஃப் அவருக்கு ஒரு வழி கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும். 1821-இல் சீபெக் கண்ட விளைவு இது. இதன்படி ஓம், பிஸ்மத்தையும் தாமிரத்தையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீராலும் மற்றொன்றைப் பனிக்கட்டியாலும் ஒரே நிலையில் வைத்தார். நீர் கொதிக்கும் வரையிலும், பனி உருகும் வரையிலும் அவற்றின் வெப்பநிலை மாறுவதில்லை. ஆகவே மின்னழுத்தமும் மாறவில்லை. நீளத்தில் வேறுபட்ட எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, காந்த ஊசியைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். 1826-இல் உண்மை வெளிப்பட்டது: சுற்றின் மொத்தத் தடை இருமடங்கானால் மின்னோட்டம் பாதியாகும்.

1840-ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் ஜூல் என்பவர் கம்பிச் சுருளை நீரில் இட்டுச் சூட்டை அளந்தார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்று கண்டார். இதனை ஓம் விதியோடு சேர்த்தால், அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிய தொகையே திறன் என்பது பெறப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 230 வோல்ட்டில் இயங்கும் மின்சார இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது எனக் கொள்வோம். 230-ஐ 4-ஆல் வகுத்தால் தடை 57.5 ஓம், பெருக்கினால் திறன் 920 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும்.

ஓம் 1827-இல் வெளியிட்ட நூலை அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. மனம் நொந்த அவர் மறு ஆண்டே கொலோன் வேலையைத் துறந்தார். 1841-இல்தான் லண்டன் ராயல் கழகம் காப்லி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852-இல் கிட்டியது. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தார். 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது.

மாறாத ஆதாரத்தை முதலில் தேடிக்கொண்டு, அதன்பின் அளந்ததே அவருடைய வெற்றிக்குக் காரணம். ஆய்வுக்கூடத்தில் மின்கலத்தை இணைக்கும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை நினைவிற்கொள்வது நலம்.